மருதாணி விரலில் எண்பத்து நான்கு

"ஐப்பசி, மூன்றாம் செவ்வாய். காலையில் மழை. பார்சல் வந்தது. மகளுக்கு 84." என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. வழக்கமாகப் பக்கத்தை நிரப்பிவிடுபவன் நான். அன்று கை ஓடவில்லை.

பார்சலில் வந்தது, விரலில் மாட்டினால் ஒளி பாய்ச்சி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் சிறு கருவி. முந்தின வாரம்தான் மகளுக்கு வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தோம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் எங்கள் ஊர்ச் சாலையில் மழைக்காலத்தில் வாய்க்கால் தண்ணீர் ஏறிவிடும். அந்தப் பயத்தில் போனில் ஒவ்வொன்றாக வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு மாட்டிப் பார்த்தேன்: 97. மனைவிக்கு 98. மகளுக்கு 84. வேறு விரலில் மாட்டினோம். 83.

கூட வந்த தாளில் தமிழும் இருந்தது, எந்த மனிதரும் எழுதாத தமிழ். "விரலுக்கு உணவளிக்கவும்" என்றது முதல் வரி. வேறொரு நாளில் சிரித்திருப்பேன். கடைசி வரி, "தொண்ணூறுக்குக் கீழே நோயாளி காலாவதி ஆகலாம்." எழுதியது இயந்திரம் என்று தெரியும். தெரிந்தும் அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். மாத்திரை அட்டையில் பார்க்கிற சொல் அது. மகளுக்குப் பக்கத்தில் அதை வைத்து நினைக்க முடியவில்லை.

"நான் நல்லாத்தான்ப்பா இருக்கேன். அந்த மிஷினுக்குத்தான் மூச்சு முட்டுது" என்றாள் மகள்.

"பேசாத. பேசினா இன்னும் குறையும்" என்றேன்.

"வாங்காதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?" என்றபடியே மனைவி ஆஸ்பத்திரிப் பையை எடுத்துவிட்டாள்.

வாடகைக் கார் ரயில்வே கேட்டில் நின்றது. இருபுறமும் நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் தளும்பியது. நான் மகளின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், நீலம் பாய்கிறதா என்று.

"என்னையே பாக்காதீங்கப்பா. எனக்கும் பயமா இருக்கு" என்றாள்.

அப்படிச் சொல்லிவிட்டுத் தன் விரல்களை விரித்துப் பார்த்தாள். வளைகாப்புக்குப் பத்து விரல் நுனியிலும் தொப்பி வைத்தாற்போல் இட்ட மருதாணி, சிவந்து கறுத்தே போயிருந்தது. பாதம் வீங்கியிருந்ததால் காலுக்கு மட்டும் இடவில்லை.

"அம்மா, இந்த மிஷினைக் கால் கட்டைவிரல்ல மாட்டிப் பாரேன்" என்று கையோடு கொண்டுவந்த கருவியை நீட்டினாள். அவளால் குனிய முடியாது. மனைவி மாட்டினாள். 97.

ரயில் போய்க் கேட் திறந்தது. "திரும்பிடலாமா சார்?" என்று கேட்ட டிரைவரிடம், "இல்லங்க, போங்க" என்றேன். அந்த எண்ணையும் நம்ப எனக்குத் தைரியம் இல்லை.

ஆஸ்பத்திரியில் தாய்க்கும் குழந்தைக்கும் குறையொன்றும் இல்லை என்றார்கள். மருதாணிச் சாயத்தால்தான் கருவி குறைத்துக் காட்டியதா என்று கேட்டேன். "இருக்கலாம்" என்று மட்டும் சொன்னார் டாக்டர்.

சாயம் மங்கியதும் அதே விரலில் மறுபடி மாட்டிப் பார்க்க நினைத்திருந்தேன். மனைவி கருவியை எங்கோ ஒளித்துவிட்டாள். கேட்டால், "பேரப்புள்ள பொறக்கட்டும், தரேன்" என்கிறாள். ஆகவே எண்ணைக் குறைத்தது மருதாணிதானா, கருவியின் கோளாறா என்பது இதை எழுதும் வரை சரிபார்க்கப்படவில்லை.