அக்கா எழுதிய கடைசி பேக்எண்ட்

அக்காவின் கீபோர்டு மேல் எப்போதும் ஒரு டி-ஷர்ட் காலர் கிடக்கும். அதில் பின்னிய எழுத்துகளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பாள். அப்போது யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. திருப்பூரில் காலர் பின்னும் மிஷின்கள் பல கம்பெனிகளுடையவை, ஒவ்வொன்றுக்கும் புரிகிற மொழி வேறு. டிசைனை ஒரே மொழியில் எழுதினால் போதும், எந்த மிஷினுக்கும் அதன் மொழியில் மாற்றித் தரும் மென்பொருளை நாங்கள் இருவரும் செய்துவந்தோம். டிசைன் எழுதும் மொழி என் பொறுப்பு. அதை மிஷினின் மொழிக்கு மாற்றும் கடைசிப் பகுதியான பேக்எண்ட் அவளுடையது. நான் வாய் ஓயாமல் பேசினால், "நீ பேசறது மிஷினுக்குக் கேக்காது சாமி" என்பாள்.

குண்டடத்துக்காரர் ஒருவர் அவளை நம்பித்தான் பழைய மிஷின் ஒன்றை வாங்கிப் போட்டார். அதற்கான பேக்எண்டை முடிக்கும் தறுவாயில் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன், டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். காரியம் முடிந்ததும் அவள் விட்ட இடத்திலிருந்து எழுத உட்கார்ந்தேன். அது ஓடாவிட்டால் அவள் கொடுத்த வாக்கு பொய்யாகிவிடும் என்பது ஒன்றுதான் நினைப்பில் இருந்தது. மற்றபடி உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது.

டிசைனில் ஒன்றுவிட்டு ஒரு வரிசையை அவள் வலமிருந்து இடமாகத் திருப்பி மிஷினுக்கு அனுப்பியிருந்தாள். அவளுடைய மற்ற பேக்எண்டுகளில் அப்படி இல்லை. காய்ச்சலோடு எழுதியதில் தவறிவிட்டாள் என்று எண்ணி அதை எடுத்துவிட்டேன். குண்டடத்தில் ஓட்டிப் பார்த்தால் எழுத்தெல்லாம் சிதைந்து கிடந்தது. மிஷின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கவனித்தேன். நூல் இடமிருந்து வலமாகப் போகிறது, அடுத்த வரிசைக்கு வலமிருந்து இடமாக வருகிறது. மற்ற மிஷின்கள் அதைத் தாமே பார்த்துக்கொள்ளும். இந்தக் கிழட்டு மிஷினுக்கு நாம்தான் திருப்பித் தரவேண்டும். அவளும் இப்படி உட்கார்ந்து பார்த்துத்தான் எழுதியிருக்கிறாள். எடுத்ததை மறுபடி போட்டேன். காலர் சுத்தமாக இறங்கியது.

குண்டடத்துக்காரர் அதை நீவிப் பார்த்தார். துக்கத்துக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்தான். "ரொம்ப நல்லா வந்திருக்குதுங்க தம்பி. அக்காகிட்டச் சொல்லீருங்க" என்றார்.

"சொல்லீர்றேனுங்க" என்றேன். இரண்டு பேருக்குமே அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

பல்லடம் வழியாக வண்டியை விரட்டி வந்து, ஆபீஸ் மாடிப்படியில் அவசரமாக ஏறினேன். சொன்னால் சந்தோஷப்படுவாள் என்றிருந்தது. கதவில் பூட்டு தொங்கியது. காலையில் நான்தான் பூட்டிவிட்டுப் போயிருந்தேன்.