அப்பா மூச்சுப் பிடித்த திருவிழா

என் கையெழுத்து ஒரு கோட்டில் நிற்காது. எந்த இடத்தில் பெரிய ‘ற’ போடுவது என்று இன்னும் சந்தேகம்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதியது என்று படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிப் பார்த்தேன். நாலு பேர் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நின்றுவிடுகிறது.

அப்பா கடத்தூரில் ஒரு புளி மண்டியில் மூட்டை சுமந்தார். சிலம்பமும் ஆடுவார். கம்பு சுற்றுவதைவிட அதில் அவருக்கு மூச்சுதான் பெரிது. மூச்சை இழுத்துத் தொப்புளுக்குக் கீழே நிறுத்து, கண்ணை ஒரு புள்ளியில் வை, பிறகு அடியெடுத்து வை என்பார். அதை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டார். மூட்டை தலையில் ஏறும்போது மூச்சு. கூட்டமான பஸ்ஸில் ஏறும்போது மூச்சு. அம்மா திட்டும்போதும் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து மூச்சுப் பிடிப்பார்.

“அங்க என்ன பல்லியாங்க ஓடுது?” என்பாள் அம்மா. அப்பா மெல்ல மூச்சை விட்டுச் சிரிப்பார்.

நான் ஐந்தாவது படித்த வருஷம் அவர் கட்டிலிலிருந்து எழுந்திருக்கவும் மூச்சுப் பிடிக்க ஆரம்பித்தார். திரும்பிப் பார்க்க வேண்டுமானால் முழு உடம்போடு திரும்பினார். வித்தை முற்றிவிட்டது என்று நான் நினைத்தேன். எங்கள் போர்வெல் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு அவர் முதுகெலும்பை இறுக்கிக்கொண்டிருந்தது என்பது பல வருஷம் கழித்து டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. இப்போது ஊருக்குக் குழாயில் காவிரித் தண்ணீர் வருகிறது. இறுகிப்போன எலும்பை அது ஒன்றும் செய்யாது.

மாரியம்மன் திருவிழாவில் தேர் கிளம்புவதற்கு முன் அப்பா கம்பு ஆட வேண்டும். ஆடுகிறவர் முதலில் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிறகுதான் தரையில் கிடக்கும் கம்பை எடுக்கலாம். அதுதான் எங்கள் ஊர் வழக்கம்.

முந்தின நாள் அம்மா சொன்னாள். “இந்த வருசம் முடியாதுன்னு சொல்லிடுங்க.”

“குனிய முடியலன்னு தெரிஞ்சா மண்டி மேஸ்திரி நாளைக்கே என்னை நிறுத்திடுவான். மூட்டைய ஏத்திவுட ரெண்டு பேரு இருக்கறதால பொழப்பு ஓடுது.”

நான் பக்கத்தில்தான் சோறு தின்றுகொண்டிருந்தேன். ஆட்டம் முடிந்ததும் கம்பை என் கையில் கொடுப்பாரா என்பதே என் கவலையாக இருந்தது.

மறுநாள் மேளம் நின்றது. அப்பா கம்புக்கு முன்னால் போய் நின்று மூச்சை இழுத்தார். கண்ணைக் கோயில் கலசத்தில் வைத்தார். இடுப்பு வளையவில்லை. மறுபடி இழுத்தார். நெற்றியெல்லாம் வேர்வை. கால் நடுங்கியது.

“என்ன மச்சான், கம்புகிட்ட உத்தரவு கேக்கறியா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். சிலர் சிரித்தார்கள்.

அப்பா இருக்கிற மூச்சையெல்லாம் பிடித்து இன்னொரு தடவை முயன்றார். அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதர்களிடம் அப்படி ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

“ஆத்தா வந்துட்டா” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

மேளம் வேகம் பிடித்தது. அப்பா தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், கழுத்தில் வேப்பிலை போட்டார்கள். மண்டி மேஸ்திரியே கைகட்டி வந்து, “தாயே, இந்த வருசம் மழை உண்டா?” என்று கேட்டார். அப்பாவின் கண் அம்மாவைத் தேடியது. அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, கீழே குனிந்து மண்ணை அள்ளி அவர் நெற்றியில் பூசி அழுதாள். பக்தியில் அழுகிறாள் என்று மற்றப் பெண்களும் அழுதார்கள்.

“உண்டு” என்றார் அப்பா.

கம்பு கிடந்த இடத்திலேயே கிடந்தது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. தப்பித்துவிட்டார் என்றுதான் அம்மா நினைத்திருப்பாள்.

திருவிழா முடிந்து மண்டி திறந்த அன்று சோற்றுத் தூக்கோடு நானும் அப்பாவோடு போனேன். மூட்டை ஏற்றிவிடும் இரண்டு பேரும் அவரைக் கண்டதும் பின்னால் நகர்ந்து நின்றார்கள். அதுவரை அப்பாவை வாடா போடா என்றே கூப்பிட்ட மேஸ்திரி அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பேசினார்.

“வேணாமுங்க. ஆத்தா எறங்குன தலைங்க அது. அதுல புளிமூட்டைய ஏத்துனா எங்க குடும்பம் வெளங்குமா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல மேஸ்திரி. நான் நல்லாத்தான் இருக்கேன். ஏத்தச் சொல்லுங்க.”

“சாமி வந்தவங்க அப்படித்தாங்க சொல்லுவாங்க.”

சாமி வரவில்லை, முதுகுதான் போய்விட்டது என்று உண்மையைச் சொன்னாலும் வேலை இல்லை. அப்பா எதிர்ச் சுவரில் ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சை இழுத்துப் பிடித்தார். உடனே மண்டியில் இருந்த எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து மேஸ்திரி என் தலையைத் தடவினார். “பையன் வரட்டுமுங்க. புளியில கொட்டை எடுக்கட்டும். நாளைக்கே அனுப்புங்க.”

அப்பா என் கையிலிருந்த சோற்றுத் தூக்கை வாங்கிக்கொண்டு முழு உடம்போடு வாசல் பக்கம் திரும்பினார்.

இனிப் பள்ளிக்கூடம் இல்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அம்மன் இறங்கியவர் மகன் என்பதால்தான் கூப்பிட்டு வேலை கொடுக்கிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அப்பாவுக்கு முன்னால் குதித்துக்கொண்டு ஓடினேன். மூட்டையே தூக்காத அன்றைக்கு அவர் ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறார் என்று அடிக்கடி நின்று திரும்பிப் பார்த்தேன்.

எழுதி முடித்தது, வைகாசி பதினொன்றாம் தேதி.