சாயும் நாற்காலி

அப்பா கண்ணை மூடியதோடு சலூனும் மூடப்பட்டது. கண்ணாடிகளும் அலமாரியும் திசைக்கொன்றாகப் போயின. முடிவெட்டும் நாற்காலியை மட்டும் அண்ணன் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். இரும்புப் பாதத்துக்கு வெள்ளிப் பூச்சு அடித்து, சிவப்புத் தோல் தைத்து, வரவேற்பறையில் விளக்குக்குக் கீழே நிறுத்தினார். அதன்மேல் ஒரு பூச்சாடி. வருகிறவர்கள் வாயைப் பிளந்து பார்க்கலாம். யாரும் உட்காரக் கூடாது.

தங்கைக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். அப்பாவின் தொழிலை எடுத்துக்கொண்டவள் அவள்தான். காய்கறிக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே ஓர் ஒற்றை அறையில், ஆண் பெண் என்று பார்க்காமல் எல்லாருக்கும் முடிவெட்டினாள். அவளிடம் இருந்தது சக்கரம் வைத்த அலுவலக நாற்காலி. கத்தரியைத் தலைக்குக் கொண்டுபோனால் அது நழுவி ஓடும். ஒரு காலால் அதை மிதித்துக்கொண்டே வேலை பார்த்து அவள் இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஒருநாள் கூச்சத்தை விட்டு அண்ணனிடம் கேட்டும் பார்த்தாள். கடையில் போட்டால் குட்டிச்சுவராகிவிடும், அப்பா ஞாபகமாக இருப்பது அது ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார். அதுவும் பொய்யில்லை, தினமும் தன் கையாலேயே அதைத் துடைக்கிற மனிதர்.

அந்த மழைக்காலத்தில் அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்து தோளை உடைத்துக்கொண்டார். வலது கையைக் கழுத்தோடு கட்டியிருந்ததால் சவரம் செய்ய வழியில்லை. தாடி மண்டி, அரிப்புத் தாங்காமல் எல்லார்மீதும் எரிந்து விழுந்தார். அண்ணி போன் செய்ததும் தங்கை பையோடு வந்து சேர்ந்தாள்.

முதலில் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார வைத்தாள். தலையைப் பின்னால் சாய்த்தால் தோள் சுண்டி இழுத்தது. தலையணை வைத்தும் பயனில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போய், யாரையும் கேட்காமல் பூச்சாடியைத் தரையில் இறக்கினாள்.

"அதுலயா?" என்றார் அண்ணன்.

"வேற எதுல சாய முடியும் உன்னால? வா."

சாய்க்கும் பிடி அசையவில்லை. வெளியே பளபளப்பு, உள்ளே துரு. அண்ணி தையல் மெஷின் எண்ணெயை எடுத்துக் கொடுத்தார். தங்கை தரையில் மல்லாந்து படுத்து, எண்ணெய் விட்டு, பிடியை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். கடைசியில் அது இளகி, நாற்காலி பின்னால் சாய்ந்தது.

சூடான துண்டை முகத்தில் போட்டதும் அண்ணன் அடங்கிப்போனார். நுரை பூசும்போது கண்ணை மூடியபடியே பேசினார்.

"சின்ன வயசுல இதுல படுத்தா எனக்குத் தூக்கம் வந்துடும். இத்தனை வருஷமா வீட்டுலயே இருக்கு, ஒரு நாள்கூட உக்காரல பாரேன்."

அவள் கத்தியைத் தாடையில் வைத்தாள். வழித்து முடிப்பதற்குள் அவர் குறட்டை விட ஆரம்பித்திருந்தார்.

தோள் சரியானதும், நாற்காலியைக் கடைக்கு எடுத்துப்போகச் சொன்னார். அவள் உடனே தலையாட்டிவிடவில்லை.

"கீறல் விழும், தோல் கிழியும், பசங்க ஏறிக் குதிப்பாங்க. அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது அண்ணா."

"கேக்க மாட்டேன்."

முதல் வாரமே கடைக்கு வந்து கேட்டார். கைப்பிடியில் யாரோ சாவியால் கீறியிருந்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் வேலையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் உர்ரென்று உட்கார்ந்திருந்துவிட்டு, தன் முறை வந்ததும் ஏறி உட்கார்ந்தார்.

இப்போது மாதம் தவறாமல் வருகிறார். காத்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் அது தன் அப்பாவுடையது என்று சொல்லாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். கடையிலும் கூட்டம் கூடியிருக்கிறது. தங்கை இன்னொரு பெண்ணை வேலைக்குச் சேர்த்திருக்கிறாள்.