அம்சவள்ளி பார்த்த கடைசி ஊசி

அம்மா தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்குகளைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தாள். நானும் அவளும் சேர்ந்து செய்த கடைசி வேலை, மற்ற ஞாயிற்றுக்கிழமைகளைப் போலத்தான் தொடங்கியது.

ஊக்கைக் கழற்றுவது அவளே வகுத்துக்கொண்ட விதி. ரெக்கார்டு பிளேயரில் இசைத்தட்டின் மேல் ஓடிப் பாட்டை எடுக்கும் கார்ட்ரிட்ஜ் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். உள்ளே பலமான காந்தம். அடியில் முடி போல ஒரு தண்டு, அதன் நுனியில் வைரத் துணுக்கு. அதுதான் ஊசி. இரும்பு எதுவும் பக்கத்தில் வந்தால் காந்தம் வெடுக்கென்று இழுக்கும். நடுவில் தண்டு இருந்தால் அவ்வளவுதான்.

அன்று மேசையில் இருந்தது குருமூர்த்தியுடையது. பெரம்பலூரில் சின்ன வெங்காய மண்டி வைத்திருப்பவர். ஜப்பானிலிருந்து வர மாதக்கணக்கில் காத்திருந்தார். அதன் விலைக்கு ஒரு கார் வாங்கலாம்.

அம்மா குன்னத்துக்காரி. பெரம்பலூரில் ஒரு விதைக் கம்பெனியின் சோதனை அறையில் வேலை பார்த்தாள். பருத்தி விதையையும் மக்காச்சோளத்தையும் லென்ஸில் பார்த்துக் கலப்படத்தைப் பொறுக்கும் வேலை. கம்பெனியை மூடிய பிறகு அரியலூர் வீட்டில் சும்மா இருந்தாள். நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்துவிட்டு ரெட்டிபாளையத்தில் சிமென்ட் ஆலையில் இருக்கிறேன். கார்ட்ரிட்ஜைச் சோதித்துப் பொருத்தித் தருவது என் விடுமுறை வேலை. ஊசி தட்டில் அழுத்தும் எடையையும் கோணத்தையும் நான் அளப்பேன். வைரம் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அம்மா. எவ்வளவு விலை கொடுத்தாலும் சில கோணலாகத்தான் வரும். கொஞ்ச நேரம் பார்த்தாலே எனக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். அவள் அசையாமல் பார்ப்பாள். "அம்சவள்ளியக்கா பாத்துட்டாங்களா?" என்றுதான் வாடிக்கைக்காரர்கள் கேட்பார்கள்.

"நல்லா நிக்குது," என்றாள். "ஒட்டுனவன் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்."

பிளேயரில் பொருத்தினேன். ஊசியை மறைத்திருந்த பிளாஸ்டிக் மூடியை எடுத்தேன். அளவு அட்டையின் கோட்டோடு தண்டு ஒத்துப்போகிறதா என்று பார்க்க அம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். சங்கிலி முந்தானையிலிருந்து நழுவித் தொங்கியது. அதில் ஒரு ஊக்கு இருந்தது.

நான் வாய் திறப்பதற்குள் 'டிக்' என்று ஒரு சத்தம்.

"அசையாதம்மா."

"என்னடி?"

"ஊக்கு ஒட்டிக்கிச்சி."

குனிந்தபடியே நின்றாள். நிமிர்ந்தால் சங்கிலி இழுக்கும். பின்னால் போய்க் கொக்கியைக் கழற்றி, சங்கிலியைத் தொய்யாமல் பிடித்துக்கொண்டேன். பித்தளை இடுக்கியால் ஊக்கைப் பக்கவாட்டில் நகர்த்தி எடுத்தேன்.

"மூச்சு வுடலாமா?"

"வுடு."

கார்ட்ரிட்ஜைக் கழற்றி அவளே மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து எனக்கு இடம் விட்டாள். தண்டு இடது பக்கம் வளைந்திருந்தது.

காலையில் பக்கத்துத் தெரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். அவசரத்துக்கு உதவும் என்று ஒரு சின்ன ஊக்கைச் சங்கிலியில் தாலிக்குப் பின்னால் மாட்டியிருந்தாள். கழற்றும்போது அது நினைவில் இல்லை.

அந்த நேரம் பார்த்துக் குருமூர்த்தி போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னக்கா, சரக்கு எப்படி?"

அம்மா என்னைப் பார்த்தாள்.

"கோளாறா வந்திருந்தா தயங்காம சொல்லுங்க. வாரன்டி இருக்கு. ஒங்க பேரச் சொன்னா வித்தவன் மறுபேச்சு பேசமாட்டான்."

அவர் தன்னையறியாமல் ஒரு வழி காட்டினார். கோணலாக வந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் நட்டமில்லை, எங்கோ இருக்கும் கம்பெனியைத் தவிர. அம்மா போனை வாயருகே கொண்டுபோனாள்.

"நாளைக்கி நேர்ல வரேன் தம்பி."

"நேர்லயா? அப்ப சாப்பிடாம வுடமாட்டோம். வெங்காய சாம்பார் வச்சிர்றோம்."

போனை வைத்ததும் கேட்டேன்: "இப்பவே சொல்லிருக்கலாம்ல?"

"மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். போன்ல சொன்னா, பரவால்லக்கான்னு சட்டுனு சொல்லிருவாரு. திட்டுறதுன்னா நல்லா திட்டட்டும்."

"நானும் வரேன்."

"நீ வந்தா குறுக்க பேசுவ. இது என் கழுத்துல கெடந்த ஊக்கு. நீ வேலைக்குப் போ." கொஞ்ச நேரம் கழித்து, "சாம்பாருக்கு முன்னாடி சொல்றதா, சாப்புட்டுட்டுச் சொல்றதா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை.

மறுநாள் காலை புடவை கட்டிக்கொண்டிருந்தவள் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். அப்பா ஆட்டோ பிடித்து வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

குருமூர்த்தி மாலையோடு வந்தார். அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். கிளம்பும்போது என்னிடம் வந்தார்.

"வர்றேன்னாங்க. இலை போட்டு வச்சிருந்தோம்மா." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அக்கா கடைசியாப் பாத்தது என்னுதாமே. அவங்க பாத்துட்டாங்க, அது போதும். அவசரமில்ல, ஆற அமரக் குடுங்க."

"பாத்தாங்கண்ணே," என்றேன். "ஆனா ஒரு விசயம் சொல்லணும். காரியம் முடியட்டும், நேர்ல வரேன்."

"ஒங்க வூட்ல யாருமே போன்ல பேசமாட்டீங்களா?" என்று பாதி அழுகையில் கேட்டுவிட்டுப் போனார்.

கார்ட்ரிட்ஜ் பீரோவில் இருக்கிறது. அது நல்லபடியாகத்தான் வந்தது. பெரம்பலூருக்குப் போய், அதை வளைத்தது தான்தான் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதாக இருந்தாள் அம்மா. அவளால் போக முடியவில்லை.