கடைசிக் கரண்டி

பேய்க்கதை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். கேரம் டவுன்ஸ் கோயிலில் அன்னதான வரிசையில் நிற்கும்போது யாராவது தங்கள் வீட்டுக் கதவு தானாகத் திறந்ததைச் சொன்னால், 'பிணைச்சலுக்கு எண்ணெய் விடுங்கோ' என்று சொல்லிவிட்டு நகர்கிற ஆள் நான். யாழ்ப்பாணத்தில் படித்து, கொழும்பில் மருந்தாளராகி, மெல்பேர்னிலும் நெடுங்காலம் அதே வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். அளந்து பார்க்க முடியாத எதையும் நம்பியதில்லை. இதை வேறொருவர் சொன்னால் நானே நம்பமாட்டேன், ஆகவே உங்களையும் வற்புறுத்த மாட்டேன். கேட்டுவிட்டு என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மெல்பேர்ன் புறநகரான ரோவிலில் மகன் வீட்டில்தான் நானும் மனைவி பத்மாவும் இருக்கிறோம். மகனுக்குப் பேர்த் பக்கம் சுரங்கத்தில் வேலை, மாதத்தில் பாதி வீட்டில் இருக்கமாட்டான். மருமகள் தாரணி திருச்சிக்காரி. இந்தியப் பெண் வேண்டாம் என்று பத்மா கலியாணத்துக்குக் கடைசிவரை சம்மதிக்கவில்லை. பிறகு பத்மாவுக்குப் பக்கவாதம் வந்தது, அதோடு வலிப்பும் வந்தது, குளிசை விழுங்க முடியாததால் பால் போன்ற ஒரு திரவ மருந்து கொடுத்தார்கள். தொடக்கத்தில் நான்தான் ஊற்றிக் கொடுத்தேன். எனக்குக் கை நடுக்கம் உண்டு. கடையில் தந்த போத்தலின் மூடியை அழுத்தித் திருகித் திறக்க முடியாமல், என்னிடமிருந்த பழைய மண்ணிறக் கண்ணாடிப் போத்தல் ஒன்றில் மருந்தை மாற்றி வைத்துக்கொண்டேன். நடுக்கம் கூடி, பாதி மருந்து பத்மாவின் சட்டையில் போகத் தொடங்கியதும் அந்த வேலையைத் தாரணி வாங்கிக்கொண்டாள். அவள் கை அசையாத கை. பூப்போலப் போத்தலை எடுத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றுவாள்.

அதற்குப் பிறகுதான் பத்மாவுக்குத் தள்ளாட்டம் வந்தது. நாக்குக் குழறியது, கண்மணிகள் நடுங்கின. இரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், மருந்து அளவுக்கு மேல் ஏறியிருக்கிறது என்றார், சில நாள் நிறுத்தி மறுபடி தொடங்கச் சொன்னார். புதிதாக வாங்கிய மருந்தையும் பழக்கத்தில் நானே அந்தக் கண்ணாடிப் போத்தலில் மாற்றி வைத்தேன். அது தொடங்கியபோது நன்றாகத்தான் இருந்தாள். அது முடியும் தறுவாயில் மறுபடி அதே தள்ளாட்டம்.

எனக்குத் தோன்றியது ஒன்றுதான். தன்னை வேண்டாமென்ற மாமியாருக்கு இந்தப் பெண் கூடக் கொடுக்கிறாள்.

"பிள்ளை, அளந்துதானே குடுக்கிறீர்?" என்று கேட்டேன்.

"ஆமா மாமா, அஞ்சு மில்லிதான். ஏன் கேக்குறீங்க?"

"சும்மா கேட்டனான்."

போத்தலில் பிளாஸ்டர் ஒட்டி, மருந்தின் மட்டத்தைப் பென்சிலால் குறித்து வைத்தேன். குறைய வேண்டிய அளவுதான் குறைந்தது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேறு போத்தல் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். பத்மாவுக்கு அவள் போடும் தேத்தண்ணியை நான் முதலில் குடித்துப் பார்த்தேன். "என்ரை தேத்தண்ணியையும் குடிச்சு முடிச்சுப்போட்டீங்களோ? உங்களுக்கென்ன, விசரோ?" என்று பத்மா குழறிக்கொண்டே ஏசினாள். சிரிப்பு வருகிறது, இல்லையா? அடுத்ததைச் சொல்கிறேன், சிரிக்கமாட்டீர்கள். தாரணி கடைக்குப் போயிருந்தபோது அவளுடைய அறைக்குள் போய் அலமாரியைத் துழாவினேன். சேலைகளுக்கு நடுவிலும் கைவிட்டுத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை அவள் என் முன்னால் வந்து நின்றாள். "என் அலமாரியில என்ன மாமா தேடுனீங்க?"

நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியேறினேன். அன்று எனக்கு அருங்காட்சியக நாள்.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு டாக்டர் ஒருவரின் வீட்டை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பழைய மருந்து அறை, தராசு, உரல், கண்ணாடிப் பெட்டிக்குள் போத்தல்கள். ஓய்வுபெற்ற மருந்தாளர் என்பதால் வாரத்தில் ஒருநாள் போய் விளக்கம் சொல்வேன். அங்கே ஒரு கதை உண்டு. நரம்புத் தளர்ச்சிக்கு அந்த டாக்டர் கொடுத்த டொனிக்கைக் குடித்து ஒரு சீமாட்டி துடிதுடித்துச் செத்துப்போனாள். போத்தலில் கடைசியாக இருந்ததைக் குடித்த அன்றுதான் அது நடந்தது. மருந்து ஊற்றிக் கொடுத்தவள் அயர்லாந்திலிருந்து வந்த வேலைக்காரப் பெண். விஷம் வைத்தாள் என்று அவளைப் பிடித்தார்கள், நிரூபிக்க முடியாமல் விட்டார்கள், பிறகு அவளை ஒருவரும் வேலைக்கு வைக்கவில்லை. டாக்டரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் போத்தல் பெட்டிக்குள் இருக்கிறது, காய்ந்துபோய், வெறுமையாக. வருகிறவர்களுக்குக் கொலை என்றால் பிடிக்கும். ஆகவே நானும் வேலைக்காரிதான் செய்தாள் என்று குரலைத் தாழ்த்திச் சொல்வேன். அன்றைக்கு வழக்கத்தைவிட அழுத்திச் சொன்னேன்.

கூட்டம் போய்விட்டது. மத்தியானம் சாய்ந்த நேரம், ஜன்னலில் நல்ல வெயில். கதிரைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு நிமிர்ந்தால் வாசலில் ஒரு பெண். வெள்ளை ஏப்ரன், சுருட்டிவிட்ட சட்டைக்கை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும் நாள்களில் இங்கே சிலர் பழைய காலத்து உடுப்புப் போடுவார்கள், யாரோ புதிதாகச் சேர்ந்தவள் என்றுதான் நினைத்தேன். தலையசைத்தேன். அவள் நேராக வந்து, என் வலது கையை எடுத்து, அதில் ஒரு போத்தலை வைத்தாள். அவள் விரல்கள் ஈரமாக இருந்தன.

அது பெட்டிக்குள் இருக்கும் போத்தல். ஆனால் கனமாக இருந்தது. அடியில் கொஞ்சம் மருந்து நின்றது, மேலே தண்ணீர் மாதிரித் தெளிவாக, கீழே உப்புப்போல வெள்ளைப் படிவு. என் கை வழக்கம்போல நடுங்கியது. நடுங்க நடுங்க அந்த வெள்ளை எழும்பி, சுழன்று, முழுவதும் கலங்கிப்போனது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒருவரும் சொல்லவில்லை," என்றாள் ஆங்கிலத்தில். அவ்வளவுதான்.

கொழும்பில் படித்த பாடம் அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அந்தக் காலத்து டொனிக்கில் ஸ்ட்ரிக்னின் என்ற விஷத்தை மிகச் சிறிதளவு சேர்ப்பார்கள். புரோமைட் உப்போடு அதைக் கலந்தால் விஷம் மெல்ல மெல்லப் பளிங்காகி அடியில் இறங்கிவிடும். குலுக்காமல் ஊற்றிக்கொண்டே வந்தால் மேலே உள்ளதில் ஒன்றும் இருக்காது, கடைசிக் கரண்டியில் எல்லாம் இருக்கும். அவள் விஷம் வைக்கவில்லை. குலுக்க வேண்டும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அதோடு சேர்ந்து மற்றதும் விளங்கியது. பத்மாவின் மருந்தும் அடியில் தங்குகிற மருந்துதான். நான் ஊற்றிய காலத்தில் என் நடுக்கமே அதைக் குலுக்கிக்கொண்டிருந்தது. 'நன்றாகக் குலுக்கவும்' என்று லேபலில் இருந்தது, லேபல் கடைப் போத்தலோடு குப்பைக்குப் போய்விட்டது. அசையாத கைக்காரி தாரணிக்கு நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போத்தல் அன்று மாலையோடு முடிகிறது. அதோடு எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்று இருக்கிறதே, சோஸ் என்றாலும் தேன் என்றாலும் தண்ணீர் விட்டு அலசிக் கடைசிச் சொட்டையும் எடுப்பது. மருந்தையும் வீணாக்கக்கூடாது என்று பத்மாவே தாரணிக்குப் பழக்கியிருந்தாள்.

நிமிர்ந்தேன். ஒருவரும் இல்லை. என் கை வெறுங்கை. போத்தல் பெட்டிக்குள் காய்ந்துபோய் இருந்தது. பெட்டி பூட்டியபடியே, அதன் திறப்பு என் காற்சட்டைப் பையில்.

வீட்டுக்கு அழைத்தேன், திரும்பத் திரும்ப அழைத்தேன். காலையில் நடந்ததற்குப் பிறகு தாரணி ஏன் என் அழைப்பை எடுக்கப் போகிறாள்? டாக்சி பிடித்தேன். குசினிக்குள் நுழையும்போது தாரணி போத்தலை அலசி, கரண்டியில் ஊற்றிக்கொண்டு பத்மாவின் அறைப் பக்கம் திரும்புகிறாள்.

"குடுக்காதேயும் பிள்ளை! வையும் கீழே!"

அவள் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். "இதுலயும் விஷம் கலந்துட்டேனா மாமா?"

கரண்டியை வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்தது பால் மாதிரியல்ல, குழைத்த சுண்ணாம்பு மாதிரி. போத்தலின் அடியில் இன்னும் அப்பியிருந்தது. பல நாள் மருந்து ஒரே வாயில். கதிரையில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பெண்ணை மட்டும் சொல்லவில்லை. "பிழை என்ரை, பிள்ளை. போத்தலை மாத்தினதும் நான்தான், சொல்லாமல் விட்டதும் நான்தான்."

அவள் போத்தலை எடுத்து அடியைப் பார்த்தாள். பிறகு, "குலுக்கணும்னு யாருமே எங்கிட்ட சொல்லலையே மாமா," என்றாள். மத்தியானம் கேட்ட அதே வார்த்தை.

வயதான மனிதர், காலையில் சண்டை, வெயிலில் கண் அயர்ந்திருப்பார், மறந்துபோன பாடம் கனவில் வந்திருக்கும் என்பீர்கள். நானும் அப்படித்தான் எனக்கே சொல்லிப் பார்த்தேன். அருங்காட்சியகப் பொறுப்பாளரிடமும் விசாரித்தேன். அன்று வேறு யாரும் வேலைக்கு வரவில்லை, அந்தப் பழைய காலத்து உடுப்புகள் எல்லாம் சலவைக்குப் போயிருந்தன என்றார். வேலைக்காரி கதையை இப்போது சரியாகச் சொல்கிறேன். கூட்டத்துக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

பத்மா நன்றாக இருக்கிறாள். மன்னித்துவிட்டேன் என்று தாரணி வாயால் சொன்னாள். ஆனால் ஒவ்வொரு முறையும் ஊற்றிய கரண்டியை என் முகத்துக்கு நேரே பிடித்து, "பாத்துக்கங்க மாமா" என்கிறாள். பிறகுதான் கொடுக்கிறாள். மருந்து அலமாரிக்குப் பூட்டு வாங்கிப் போட்டதும் அவள்தான். "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று என் கையில் தந்துவிட்டாள்.

சொல்ல வந்தது இதைத்தான். காலையில் நான் பூட்டைத் திறக்கிறேன், அவள் மருந்துப் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கிறாள். அடியில் படிவு இருப்பதில்லை. மேலே நுரை நிற்கிறது, அப்போதுதான் குலுக்கி வைத்ததுபோல, குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டு. அந்த நுரை சில நிமிடங்களுக்கு மேல் நிற்காது, அது எனக்குத் தெரியும். இரவு பூட்டிய பிறகு நான் போத்தலைத் தொட்டதே இல்லை.

"முன்னாடியே குலுக்கி வச்சுட்டீங்களா மாமா?"

"ஓம் பிள்ளை," என்கிறேன்.

அவள் என் கையைப் பார்க்கிறாள்.