அலசி முடிந்த துணி

என் வீட்டுக்காரர் வீரபாண்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். நான் பனியன் கம்பெனியில் செக்கிங். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் வட்டாரத்தில் இருமல் இல்லாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பனியன்காரர்கள் பஞ்சுமேல் பழியைப் போடுவார்கள், பட்டறைக்காரர்கள் சாய ஆவிமேல். அதனால் அவர் இரண்டு மாதமாக இருமியபோதும் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை முடிந்து வரும் வழியில் மருந்துக்கடையில் 'ஒரு செட்' என்று கேட்டு வாங்கிக்கொள்வார். மூன்று நான்கு மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். எது எதற்கென்று கடைக்காரரும் சொல்லமாட்டார், நாங்களும் கேட்கமாட்டோம்.

தினமும் சாயங்காலம் வந்த காய்ச்சலும், தொளதொளவென்று ஆகிவிட்ட சட்டையும்தான் எங்களை அரசு ஆஸ்பத்திரிக்குத் தள்ளின. சளி கொடுத்துவிட்டு வந்தோம். முடிவு வரும் நாளில் அவருக்கு எழுந்து நடக்கவே தெம்பில்லை, நான் மட்டும் போனேன். காசநோய் என்றார்கள். ஆறு மாதம் ஒரு நாள்கூட விடாமல் மாத்திரை சாப்பிட்டால் முழுக்கக் குணமாகிவிடும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. ஐந்து வயது மகளையும் கூட்டி வந்து காட்டச் சொன்னார். காட்டினோம், அவளுக்கு ஒன்றுமில்லை.

மாத்திரை கொடுத்த நர்ஸம்மா பொறுமையாகச் சொன்னார். காலையில் வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும், இருமல் நின்றாலும் நிறுத்தக்கூடாது. கடைசியாக ஒன்று சொன்னார், சிறுநீர் சிவப்பாகப் போகும், அது மாத்திரையின் நிறம்தான், வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள் என்று. மற்றதையெல்லாம் சொன்னேன், இது மறந்துவிட்டது.

அடுத்த நாள் அவர் கொல்லைப்பக்கமிருந்து வந்த வேகத்தைப் பார்த்துப் பயந்தேன். ஆனால் முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

"பாரு புள்ள, பத்து வருசச் சாயம் இறங்குது. மாத்திரைன்னா இதுதான் மாத்திரை."

சொல்ல வாயெடுத்தேன். மாத்திரை என்றாலே முகம் சுளிக்கிற மனிதர். அன்றைக்குத்தான் முதல்முறையாக, நாளைக்கு மாத்திரையை மறக்காமல் எடுத்துக் கொடு என்று அவராகவே கேட்டார். அது பாட்டுக்கு நடக்கட்டும், எதைச் சொல்லி எதைக் கெடுப்பது என்று வாயை மூடிக்கொண்டேன். நல்லதுக்குத்தானே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். என்னுடைய அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

மூன்று மாதத்தில் இருமல் போயே போய்விட்டது. இட்லிமேல் ஊத்துக்குளி வெண்ணெயை உருட்டி வைத்துச் சாப்பிடுகிற அளவுக்குத் தேறிவிட்டார். அந்தச் சமயத்தில் மாமியார் ஊரில் மாரியம்மன் நோம்பித் திருவிழா வந்தது. மூன்று நாள் தங்கினோம். மாத்திரையை நாங்கள் குடியிருந்த லைன் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தோம். அங்கே வைத்து அவருக்குச் சிறுநீர் வெள்ளையாகப் போயிருக்கிறது.

பட்டறையில் சாயம் ஏற்றிய துணியைத் திரும்பத் திரும்ப அலசுவார்கள். தண்ணீர் தெளிந்து வந்தால் வேலை முடிந்தது, துணியை எடுத்துவிடலாம். பத்து வருடமாக அதையே செய்த மனிதர் தன் உடம்பையும் அப்படியே பார்த்துவிட்டார். வீட்டுக்குத் திரும்பிய பிறகு காலையில் என்னிடம் மாத்திரையை வாங்கிக்கொள்வார், தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல் கொல்லைக்குப் போய் வீசிவிடுவார். நாள் முழுக்கப் பனியனில் ஊசி முனை அளவு ஓட்டையைக் கண்டுபிடிக்கிற எனக்கு இது தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து சளியில் ரத்தம் வந்தது.

டாக்டர் கேட்டதும் அவர் எதையும் மறைக்கவில்லை. சாயமெல்லாம் இறங்கி முடிந்துவிட்டது, அதனால் நிறுத்திவிட்டேன் என்று சொல்லிவிட்டு, "அலசி முடிஞ்ச துணிய மறுபடி யாருங்க அலசுவாங்க?" என்று கேட்டார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அது மாத்திரையோட நிறம்னு உங்ககிட்டச் சொல்லலையாம்மா?"

"சொன்னாங்க," என்றேன்.

வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

"ஏம்புள்ள, நீ சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்காதா?"

அழுதேன். மாத்திரையை வீசியது அவர்தான், ஆனால் வீசுவதற்கான காரணத்தைக் கையில் கொடுத்தது நான்.

இந்த முறை எட்டு மாதம், அதில் முதல் இரண்டு மாதம் தினமும் ஊசி. பாதியில் விட்டால் நோய் மருந்துக்கு அடங்காமல் போகலாம், பிறகு எங்கள் கையில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகளை மறுபடி சோதித்து முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, அவள் தப்பித்தாள். அதன் பிறகு ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு, என்ன செய்யும், கண் மஞ்சளானால் எங்கே ஓட வேண்டும் என்று நர்ஸம்மாவைக் குடைந்து கேட்டு வந்து அப்படியே அவரிடம் ஒப்பித்தேன். அவர் என் எதிரிலேயே விழுங்கினார். மேதாவியாகிவிட்டேன் என்று கேலி வேறு.

கடைசிச் சளிச் சோதனையின் முடிவை வாங்கப் போனதும் நான் மட்டும்தான். அவர் பட்டறைக்குப் போக ஆரம்பித்திருந்தார். நேராக அங்கேயே போனேன். முழங்கை வரை நீலச் சாயத்தோடு வாசல் கேட்டுக்கு வந்தார்.

"கிருமி இல்லீங்க. மாத்திரைய நிறுத்திக்கலாம்னு சொல்லீட்டாங்க."

முகம் மலர்ந்துவிட்டது. ஒரு வருடத்துக்கு மேலாக நான் காத்திருந்த சிரிப்பு அது. அதோடு விட்டுவிட எனக்கும் ஆசைதான்.

"வேறென்ன சொன்னாங்க?"

"மறுபடி வந்தாலும் வருமாமுங்க. மூணு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா உடனே வரச் சொன்னாங்க."

சிரிப்பு கொஞ்சம் மங்கியது.

"செரி, வேற?"

"அவ்வளவுதானுங்க," என்றேன். அவர் என் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, தலையாட்டிக்கொண்டு உள்ளே போனார்.