பன்னிரண்டாவது படம்

என் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு வல்லூறு இருக்கிறது. மொட்டை வேலமரத் தூரின் மேல் சிறகை விரித்து, காலடியில் ஓர் ஓணானை அமுக்கியபடி நேராகப் பார்க்கிறது. கறுப்பு வெள்ளைப் படம்தான், ஆனாலும் கழுத்து இறகுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும் முன்பே அதைப் பார்த்துவிட்டு யார் எடுத்தது என்று கேட்பார்கள். எங்கள் அண்ணன் என்பேன். கைராசிக்காரர் என்பார்கள். நான் காபி போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அண்ணன் பாளையம்பட்டியில் ஸ்டுடியோ வைத்திருந்தான். எழுபதுகளின் தொடக்கம் அது. பரளச்சியில் எங்களுக்கு மானாவாரிக் காடு. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அந்தப் பிழைப்பே வேண்டாமென்று கேமராவைத் தூக்கியவன் அவன். அப்போது பிலிமுக்குப் பெரிய தட்டுப்பாடு. கல்யாண வீட்டிலோ மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட மச்சினன் வரைக்கும் படத்தில் நிற்க ஆசைப்படுவார்கள். அண்ணன் யார் மனதையும் நோகடிக்க மாட்டான். எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, தலையை நிமிர்த்தச் சொல்லி, பிலிமை ஓட்டாமல் வெறும் பிளாஷ் மட்டும் அடிப்பான். வெளிச்சம் முகத்தில் பட்ட திருப்தியில் அவர்கள் பந்திக்குப் போய்விடுவார்கள். ஊருக்கு வரும்போது அதை அவன் நடித்துக் காட்ட, நானும் அம்மாவும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

அம்மாவுக்குப் போட்டோ என்றாலே ஆகாது. ஆயுசு குறையும் என்பாள். அப்பா ஒரு படம்கூட இல்லாமல் செத்துப்போனார். ஐந்தாறு வருஷம் கழித்து, சோளம் புடைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று முறத்தைக் கீழே வைத்தாள். "உங்கப்பா மொகம் எனக்கே மறந்துபோச்சு தாயி. நெனச்சு நெனச்சுப் பாக்கேன், மீசை மட்டுந்தான் வருது" என்றாள். அடுத்த முறை அண்ணன் வந்தபோது, "ஏலே, என்னைய ஒரு படம் புடிச்சு வையி. நாளப்பின்ன நீங்களும் என் மொகத்தத் தேடி அலையக் கூடாது" என்று கேட்டாள். பிள்ளைகளிடம் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

அண்ணனுக்கோ அப்போது வல்லூறுப் பைத்தியம். ஒரு வாரப் பத்திரிகையில் புகைப்படப் போட்டி அறிவித்திருந்தார்கள். எங்கள் காட்டுக் கிணற்றோரம் நின்ற மொட்டைத் தூரில் வெயிலேறும் நேரத்துக்கு ஒரு வல்லூறு வந்து உட்காருவது அவனுக்குத் தெரியும். அது இரை பிடிப்பதை எடுத்துவிட்டால் பரிசு நமக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு, அரும்பாடுபட்டுச் சேர்த்த ஒரே ஒரு ரோலோடு வந்து சேர்ந்தான். பன்னிரண்டு படம். "பதினொண்ணு பறவைக்கு, ஒண்ணு யம்மாவுக்கு" என்றான். அம்மாவிடம் கொஞ்சம் கறுப்பு நூல் கேட்டான். எதற்கென்று கேட்காமல் அவளும் ஒரு முழம் அறுத்துக் கொடுத்தாள். அந்த நூலை ஓணானின் இடுப்பில் சுற்றித் தூரோடு கட்டினான். இதையெல்லாம் எந்தப் பத்திரிகைக்காரன் கேட்டான்?

சோளத்தட்டையில் மறைவாக ஒரு குச்சுக் குடிசை போட்டு அதற்குள் அவனும் நானும் உட்கார்ந்திருந்தோம். ஆசிரியப் பயிற்சி முடித்து வேலை உத்தரவுக்காக நான் காத்திருந்த காலம். கேமராவின் முதுகில் ஒரு சின்னச் சிவப்புக் கண்ணாடி உண்டு. பிலிமைத் திருகத் திருக அதில் எண் வரும். அதைப் படித்துச் சொல்வது என் வேலை. பறவை வந்து உட்கார்ந்தது, பறந்தது, மறுபடி வந்தது. அசைகிற போதெல்லாம் அண்ணன் அவசரப்பட்டு அமுக்கினான். உச்சிப்பொழுதுக்குள் பதினொன்றும் தீர்ந்து, பன்னிரண்டு வந்து நின்றது. "அண்ணே, இது அம்மாவுக்கு" என்றேன். தலையாட்டினான். ஆனால் கேமராவைக் கீழே வைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து வல்லூறு ஓணான் மேல் விழுந்தது. அவன் விரல் என் பேச்சைக் கேட்கவில்லை.

வீட்டில் அம்மா தலைக்குக் குளித்து, வெளுத்த வெள்ளைச் சேலை கட்டி, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்து எவ்வளவு நேரமாயிற்றோ. "மச்சம் படத்துல விழுமாடா?" என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "விழும்மா, ஆடாம இருங்க" என்றவன் கேமராவைத் தூக்கினான். டிக் என்று சத்தம் கேட்டது. அம்மா மூச்சை விட்டாள். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பஸ் ஏறும்போது, "அடுத்த ரோலு கெடைக்கட்டும், மொத படம் யம்மாதான்" என்றான். சரி என்றேன். அதன் பிறகு கிடைத்த ரோலையெல்லாம் கல்யாண வீடுகள் தின்றன. வரும்போதெல்லாம் "படம் கழுவியாச்சாடா?" என்று அம்மா கேட்பாள். இன்னும் இல்லை என்பான். நான் பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.

வல்லூறுக்குப் பரிசு கிடைத்தது. திருச்சுழி பஸ் ஸ்டாண்டிலேயே நாலு பத்திரிகை வாங்கிக்கொண்டு அண்ணன் ஓடி வந்தான். படம் வந்திருக்கிறது என்றதும் அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்தாள். "இதுல நான் எங்கடா இருக்கேன்?" என்றாள். அவன் தலை கவிழ்ந்ததைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "என்னையும் கல்யாண வீட்டு ஆளாக்கிட்டியாக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. சண்டை போட்டிருந்தால் ஆறியிருக்கும்.

அடுத்த பங்குனியில் காய்ச்சலில் போய்விட்டாள். குளிப்பாட்டி, அதே இரவல் நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்தார்கள். தூக்குவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்துவிடுவது அப்போது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணன் அழுதுகொண்டே கேமராவோடு முன்னால் வந்தான். உள்ளே ரோல் முழுசாக இருந்தது, நான் பார்த்தேன். அவனுக்கும் அம்மாவுக்கும் நடுவில் போய் நின்றேன். "உசுரோட இருந்தப்ப சும்மா அமுக்குனவுக, இப்ப நெசமா அமுக்க வேண்டாம்" என்று அத்தனை சனத்துக்கும் முன்னால் சொன்னேன். மாமன் அதட்டியும் நான் நகரவில்லை. அண்ணன் கேமராவை மூடிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றான். அன்றைக்கு அது எனக்கு நியாயமாகப் பட்டது, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

போன வருஷம் அவனும் போய்ச் சேர்ந்தான். காரியம் முடிந்து மதினி இந்தப் படத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். "அவுக இத ஒங்ககிட்டதான் குடுக்கணும்னு சொன்னாக" என்றாள். ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. நான்தான் ஆணியடித்து மாட்டினேன். கிட்டப் போய்ப் பார்த்தால் ஓணானின் இடுப்பில் அம்மா கொடுத்த நூல்கூடத் தெரிகிறது. எல்லாம் அவ்வளவு துல்லியம். அந்தப் பன்னிரண்டாவது படத்தை அவன் பறவைக்குக் கொடுத்தான், சரி. அதற்கடுத்த படத்தை எடுக்க விடாமல் மறித்துக்கொண்டு நின்றவள் நான். இப்போது அடுப்படியில் காபி கொதிக்கக் காத்திருக்கும்போது கண்ணை மூடிப் பார்க்கிறேன். வெள்ளைச் சேலை வருகிறது, இரவல் நாற்காலி வருகிறது. மச்சம் இடது கன்னத்திலா, வலது கன்னத்திலா என்று தெரியவில்லை. கேட்பதற்கு அண்ணனும் இல்லை.